புகை டெஸ்டுக்குப் போகாத வண்டி

நம்ம லாரியை உடைத்த அன்றைக்கு அங்கே நின்றது நான், பெரியவன் செல்வராசு, நம்ம மகள் வளர்மதி, வண்டி உடைக்கிற யார்டுக்காரர் காதர் பாய். நாலே பேர். நீங்க இல்லை. கேஸ் கட்டரில் பெயிண்ட் கருகிய வாடை மூன்று தரம் துவைத்தும் என் சேலையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. கை சும்மா இருக்கவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பூமி சூடேறுதாம். புகையைக் குறைக்க டெல்லியில் சட்டம் போட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். பழைய லாரியை இனி மெஷின் வைத்துத்தான் சோதிப்பார்கள், தேறாவிட்டால் உடைக்கணும். வளர்மதி பேப்பரைப் படித்துச் சொன்னாள். செல்வராசு சிரித்தான்.

"அப்பா பண்ணுனதையே பண்ணுனாப் போச்சுங்கம்மா. காலையில டீசல் பம்ப் ஸ்க்ரூவை இறக்கி, டெஸ்ட் முடிஞ்சதும் ஏத்திக்கலாம்."

வருசா வருசம் அதைத்தானே செய்தீங்க? டீசலைக் குறைத்து ஓட்டிப் போவீங்க, புகையே தெரியாது. நாமக்கல்லில் எஃப்.சி. சோதனை முடித்து எருமப்பட்டி வருவதற்குள் பழையபடி ஏற்றிவிடுவீங்க. "கரும்புகை தள்ளுனாத்தாண்டி லோடு இழுக்கும்" என்பீங்க.

வளர்மதி பிறந்த வருசம் எடுத்த வண்டி. அவள் பேரைத்தான் நெற்றியில் எழுதினீங்க. விடிந்ததும் ஊட்டு வாசலில் அரை மணி நேரம் உறும விடுவீங்க. உள்ளே தொட்டிலில் பிள்ளைக்கு இளைக்கும்.

"ஏனுங்க, மூச்சு வாங்குது, கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க."

"லாரிக்காரன் புள்ளைக்குப் புகை ஆகாதாக்கும்?"

டாக்டர் சொன்ன பிறகும் அதே இடம். பத்தடி தள்ளினால் போதும் என்று எத்தனை தரம் கெஞ்சினேன்!

நீங்க கண்ணை மூடினபின் வண்டி என் பேருக்கு மாறியது. டெஸ்டுக்கு அனுப்பாமலே உடைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

"அப்பா வண்டிங்கம்மா! அவர் இருந்தா வுடுவாரா?" என்றான் செல்வராசு.

"உங்கப்பன் இருந்திருந்தா டெஸ்ட் தேறியிருக்கும் சாமி. அதுக்குத்தான் கையெழுத்துப் போடறேன்."

காதர் பாய் கேட்டார். "நெத்திப் பலகையை மட்டும் கழட்டித் தரட்டுங்களா?" நான் வாய் திறப்பதற்குள் வளர்மதி வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டாள். இளைப்பு மருந்தை உறிஞ்சிக்கொண்டே அழுதாள். அவள் உங்களை என்றைக்கோ மன்னித்துவிட்டாள்.

இந்தச் சட்டம் அவள் தொட்டிலில் கிடந்தப்பவே வந்திருக்கணும். வரவில்லை, அதோடு எனக்குச் சண்டை இல்லை. செல்வராசு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, ஒருநாள் பேசுவான். உங்களுக்காக அழுதிருக்கிறேன், இன்னமும் அழுகிறேன். ஆனால் இத்தனை வருசம் வாயால் சொல்லாத பேரை இன்றைக்கு எழுதுகிறேன். மன்னிக்கமாட்டேன், முத்துசாமி.