யாழினிக்குக் காய்ச்சல் இல்லை

செவ்வாய்க்கிழமை இரவு, தம்போய்

இன்று என் மகளுக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டேன்.

நான் சேர நினைக்கும் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி கிடையாது. இடம் தீரும்வரை ஆள் எடுப்பார்கள். அதனாலேயே ஐந்து மாதம் தள்ளிப்போட்டேன். மதியம் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தபோது, "ஏன் சிஸ்டர் இவ்ளோ லேட்டு? ரெண்டே இடந்தான் இருக்கு" என்றார் அங்கிருந்த தமிழ்ப் பெண். வாயில் வந்தது அந்தப் பொய்தான்.

"அலமாக்! மொதல்ல புள்ளைய பாருங்க. காரணத்த விண்ணப்பப் பாரத்துல எழுதி அனுப்புங்க, நான் பேசிப் பாக்குறேன்" என்றார். அந்த அன்புதான் உறுத்துகிறது.

கணவரிடம் சொன்னேன். "கட்டில்ல குதிச்சிக்கிட்டு இருக்கிறவளையா படுக்க வெச்ச? எனக்குக் காய்ச்சல்னு சொல்லியிருக்கலாம்ல!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்னது பலித்துவிடுமோ என்று, தூங்கும் யாழினியின் நெற்றியை நாலு தடவை தொட்டுப் பார்த்துவிட்டேன்.

தாமதத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் காய்ச்சல் என்று எழுதக் கை வரவில்லை. 'விண்ணப்பித்தும் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம்' என்று எழுதி இப்போதுதான் அனுப்பினேன். அந்தப் பெண் படித்தால் என்ன நினைப்பார்? இடம் போனால் போகட்டும் என்று இங்கே எழுத நினைத்தேன், முடியவில்லை. எனக்கு அந்த இடம் வேண்டும்.