அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள்

என் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நம்மட ஊரில் பெண்கள் மையவாடிக்கு, அடக்கிய இடத்துக்கு, போவதில்லை. மாமா வெள்ளிக்கிழமைகளில் போய் உங்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டு வருகிறார். நான் சொல்ல வேண்டியதை அவரிடம் கொடுத்தனுப்ப முடியாது. அதனால்தான் இன்டர்நெட்டில் எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும்.

எனக்கு டிகிரி கிடைக்கப் போவதில்லை, வாப்பா. வேலையும் இந்த மாதத்தோடு முடிகிறது. வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.

அரிசி ஆலையில் லொறியை நிறுத்திவிட்டு, உங்களை அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் ஆலைக்காரரோடு என்னைப் பற்றி நீங்கள் கதைத்ததை வீட்டில் வந்து நடித்துக் காட்டுவீர்களே, அதை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"மகள் கொழும்பில பெரிய கம்பனியில படிக்கிறா."

"கம்பனியில வேலைதானே காக்கா செய்வாங்க? படிக்கிற எப்பிடி?"

"கிழமையில நாலு நாள் வேல, ஒரு நாள் படிப்பு. முடியக்குள்ள டிகிரி."

"அப்ப சம்பளம் குடுப்பானா, பீஸ் எடுப்பானா?"

"சம்பளமும் குடுத்து, பீஸையும் அவனே கட்டுறான்."

"உங்கள ஆரோ நல்லா ஏமாத்திப் போட்டான் காக்கா. எதுக்கும் அவன்ட நம்பரத் தாங்க, என்ட மகனயும் அனுப்புவம்."

உம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பா. நான் வெட்கத்தில் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அந்தக் கம்பனியில் நான் எப்படி இருந்தேன் என்று உங்களிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. காலையில் எல்லோரும் வட்டமாக நிற்போம். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், எங்கே தடைப்பட்டு நிற்கிறாய்? ஒவ்வொருவரும் மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். என் ஆங்கில வசனங்களைக் கழிப்பறையில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்து நிற்பேன். மூன்றாவது கேள்விக்கு எப்போதும் 'தடை ஒன்றும் இல்லை' என்றுதான் சொன்னேன். ஒரே பிழையில் நாள்கணக்காக மாட்டிக்கொண்டு நின்றபோதும் அப்படித்தான். அங்கே உதவி கேட்பதும் வேலையில் ஒரு பகுதி. எனக்கோ அது கையேந்துவது போலிருந்தது.

ஆனாலும் வேலை பிடித்திருந்தது. எங்கள் கம்பனி அப்பில் வாங்கிய பொருள் வாசலுக்கு வந்ததும் போனில் ஒரு பச்சை அடையாளம் எரியும்படி புரோகிராம் எழுதியது நான்தான். அதைப் பார்ப்பதற்காகவே ஒரு டோர்ச் லைட் வாங்கினீர்கள். பச்சை எரிந்ததும் ஆலையில் எல்லோருடைய மூக்குக்கு நேரேயும் போனை நீட்டினீர்களாம். டோர்ச் எரிந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.

நாவிதன்வெளியில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு நின்ற இடத்தில் நீங்கள் விழுந்தபோது நான் அந்தக் காலை வட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். பஸ் கல்முனைக்கு வந்து சேர்ந்தபோது ஜனாஸாவை அடக்கக் கொண்டுபோய்விட்டார்கள். வாசலில் செருப்புகள் மட்டும் நிறையக் கிடந்தன. முகம் பார்க்காத பிள்ளைக்கு ஆள் போய்விட்டார் என்று எப்படி விளங்கும், வாப்பா?

கணவனை இழந்தவள் ஒதுங்கியிருக்கும் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க உம்மா உள்ளறைக்குள் போனா. வெள்ளை உடுப்பு, மூடிய ஜன்னல். அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. அவவைத் தனியே விட்டுவிட்டு என்னால் கொழும்புக்குத் திரும்ப முடியவில்லை. மிச்ச மாதங்களை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று கம்பனி இரக்கப்பட்டது. நம் வீட்டில் இன்டர்நெட் ஒழுங்காக எடுப்பது அந்த உள்ளறையில் மட்டும்தான். அதனால் உம்மா இத்தா இருந்த இடத்தில்தான் நான் வேலையும் செய்தேன்.

கடைசி மதிப்பீடு கெமரா முன்னால் நடந்தது. படித்ததையும் செய்ததையும் வைத்துக் கேள்வி கேட்பார்கள். அதில் தேறினால்தான் டிகிரி, அதற்குப் பிறகுதான் நிரந்தர வேலை. அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்பது விதி. அன்றைக்கென்று நடுவீட்டில் ஓடு மாற்ற ஆட்கள் வந்து நின்றார்கள்.

"நான் எங்ககா போற மகள்? வெளிய முழுக்க ஆம்பிளயள்."

"நீங்க அலுமாரிக்குப் பின்னால இரிங்க உம்மா. சத்தம் மட்டும் போடாதீங்க."

"நான் வாயே தொறக்க மாட்டன்."

திரையில் மூன்று பேர். இரண்டு ஆண்கள், ஒரு பெண். முதல் கேள்விக்கு நன்றாகச் சொன்னேன். இரண்டாவதில் விடை தெரிந்தும் ஆங்கிலம் நின்றுவிட்டது. அந்த இடைவெளியில், அலுமாரிக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது. உம்மா குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதத் தொடங்கியிருந்தா. குரல் வெளியே கேட்கிறது என்று அவவுக்கே தெரிந்திராது.

"அறையில் யார் பேசுவது?" என்று கேட்டார்கள்.

"என் தாய்."

"பதில் சொல்லித் தருகிறாரா?"

"இல்லை."

"அப்படியானால் லெப்டொப்பைத் திருப்பி அறையைச் சுற்றிக் காட்டுங்கள்."

உம்மா தலையில் துணிகூட இல்லாமல் இருந்தா. இத்தாவுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று தேடினேன். கேட்டவர் மறுபடியும் கேட்டார். அலுமாரி ஓரத்தால் என் முகம் மாறியதைப் பார்த்து, பிள்ளை கஷ்டப்படுகிறாள் என்று உம்மா இன்னும் சத்தமாக ஓதினா. நான் லெப்டொப்பை மூடிவிட்டேன்.

மூடியிருக்கக் கூடாது. எனக்குத் தெரியும். ஆனால் நம் வீட்டில் அந்தக் கதவை வேறு எப்படிச் சாத்துவது?

என் குழுவில் மூத்தவர் டிலானி அக்கா. சிங்களவர் என்றாலும் வத்தளையில் தமிழ்க் கூட்டாளிகளோடு வளர்ந்தவர்; என்னை 'நங்கி', தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். அன்று பின்னேரமே போன் எடுத்தார்.

"நங்கி, ஏன் அப்பவே சொல்லல்ல?"

"சொல்ல வரல்ல அக்கா."

"குரல் கேட்டதவிட நீங்க மூடினதுதான் பிரச்சினை. மறைக்க ஏதோ இருக்கெண்டுதானே நினைப்பாங்க?"

"மறைக்கத்தான் இருந்தது அக்கா."

அவர் எல்லாவற்றையும் கம்பனிக்கு எழுதி அனுப்பச் சொன்னார். இத்தா என்றால் என்ன, யாஸீன் என்றால் என்ன, வீட்டில் ஓடு மாற்றியது வரை எழுதினேன். என் வாழ்நாளில் அந்நியருக்கு இவ்வளவு கதைத்ததில்லை.

பதில் மரியாதையாகத்தான் வந்தது. உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம், உங்கள் நேர்மையைச் சந்தேகிக்கவில்லை, ஆனால் விதிப்படி மதிப்பீடு செல்லாது. கம்பனியில் இருப்பவர்கள்தான் மறுபடி மதிப்பீட்டுக்குத் தோற்றலாம். மதிப்பீடு முடிக்காத ஒருவரைக் கம்பனியில் வைத்திருக்க முடியாது. டிலானி அக்கா மேலிடம் வரை போய்க் கேட்டுப் பார்த்தார். அவருக்கும் அதே பதில்தான். இந்த வட்டத்துக்குள் எந்தப் பக்கத்தால் நுழைவது, வாப்பா? மூன்று வருடம் ஒன்றுமில்லாமல் போயிற்று. இரவில் இல்லை, பகலில்தான் அதிகம் அழுகை வருகிறது. உம்மா தூங்குகிற லுஹர் தொழுகைக்குப் பிந்திய நேரத்தில்.

நேற்று உம்மா என் தலைக்கு எண்ணெய் வைத்தபடி கேட்டா. "றிசல்ட் வந்திச்சா?"

"இன்னும் இல்ல உம்மா."

"வரும். அண்டைக்கு நீ திணறினத்தக் கண்டுதான் நான் ஓதத் தொடங்கினன். மறுகா நீ டக்கெண்டு மூடினாய். முடிச்சிட்டாய் எண்டு விளங்கிச்சு. அல்ஹம்துலில்லாஹ் எண்டன்."

"ஓம் உம்மா."

"வாப்பா இருந்திருந்தா ஆலயில எல்லாருக்கும் சொல்லியிருப்பார், என்ன?"

நான் எண்ணெய்ப் போத்தலை எடுத்து மூடினேன்.

அவ ஓதியது கொழும்பில் இருந்த மூன்று பேருக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்டதா, வாப்பா? இப்படிக் கேட்பது பாவம் என்று தெரியும். நீங்கள் போன இடத்தில் இதற்கு விடை இருந்தால், என்னிடம் சொல்ல வழி இல்லை என்பதும் தெரியும்.

கம்பனியில் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள் என்று உம்மாவிடம் சொல்லப்போகிறேன். கம்பனியைத் திட்டுவா. திட்டட்டும். எனக்கு இனி எது கிடைத்தாலும், எதுவுமே கிடைக்காமல் போனாலும், அவவுடைய துஆவால், அந்த ஓதலால்தான் இது நடந்தது என்று அவவுக்கு ஒருநாளும் தெரியவிடமாட்டேன். பொய் சொல்லாதே என்று வளர்த்தீர்கள். இந்த ஒன்றை உங்களுக்கு முன்னால் வைத்தே சொல்கிறேன், வாப்பா. சாகும்வரை இதைக் காப்பாற்றுவேன்.

உம்மாவுக்காகப் பெயர் போடாத,
உங்கள் ஒரே மகள்