தண்ணீர் ஏறினால் படகு கிளம்பும்

அப்பா,

பயணத்துக்கு முதல் நாள் தேக்கா மார்க்கெட்டில் தைலம் வாங்கப் போனேன். கடைக்காரர் மூடியைத் திறந்து நீட்டினார். "காதுக்குப் பின்னால தடவிக்கிங்க, படகுல குமட்டாது" என்றார். அந்த வாசனையோடு பழைய சாங்கி படகுத்துறை நினைவுக்கு வந்துவிட்டது. அம்மா நெற்றியில் தைலம் தேய்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் படகுக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

உபின் தீவுக்குப் போகும் அந்தப் படகுக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கிளம்பும். ஜூரோங்கில் கம்பெனி பஸ் ஓட்டிய உங்களுக்கு, ஒரு நிமிடம் பிந்தினாலும் மேலாளருக்குப் பதில் சொல்ல வேண்டிய உங்களுக்கு, அது பெரிய அதிசயமாக இருந்தது. "மழை நாள்ல பன்னெண்டு பேர் சேரலன்னா என்ன செய்வீங்க?" என்று மலாயில் கேட்டீர்கள். "தூங்குவேன்" என்றார் அந்தச் சீனப் பெரியவர். தீவு வந்து சேரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

இறங்கியதும் எல்லாரும் வாடகைக்குச் சைக்கிள் எடுக்கப் போனார்கள். நீங்கள் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் போனீர்கள். மின்கம்பியே கண்ணில் படவில்லை, பிறகு விசிறி எப்படிச் சுற்றுகிறது என்று பார்க்க வேண்டுமாம். திரும்பி வந்தபோது உங்கள் சட்டையில் டீசல் வாடை. "எல்லாரும் கடலப் பாக்க வருவாங்க. உங்கப்பா ஜெனரேட்டரப் பாக்க வந்திருக்காரு" என்றார் அம்மா. நான் உங்களைத் தெரியாதவள்போல நாலடி தள்ளி நின்றிருந்தேன்.

என் பட்டமளிப்பு விழாவிலும் அப்படித்தான். நம் வீட்டின் முதல் பட்டதாரியான நான் அங்கியைக் கழற்றிக் கொடுக்க வரிசையில் நின்றபோது, அங்கியை வாங்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் போய், "இதெல்லாம் யாரு துவைக்கிறாங்க?" என்று கேட்டீர்கள். எனக்குக் காது சூடானது. ஆனால் அந்தப் பெண் வேலையை நிறுத்திவிட்டு உங்களோடு வெகுநேரம் பேசினார். வரிசையில் யாரும் அவரிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

அம்மாவைத் தியோமான் தீவுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். முதலில் மழைக்காலம் குறுக்கே வந்தது, அப்புறம் ஆஸ்பத்திரி. உங்கள் வருஷத் திதி முடிந்ததும் நான் எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவரு இல்லாம எனக்கென்ன ஹாலிடே? பாக்கிறவங்க என்ன பேசுவாங்க?" நீங்கள் போனதிலிருந்து அவர் நம் வீட்டுப் பக்கத்து ஈசூன் மார்க்கெட்டைத் தாண்டிப் போகவில்லை. இதற்கும் வராவிட்டால் இனி எதற்கும் வரமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. மூன்று வாரம் கெஞ்சினேன்.

பஸ் ஜோகூர் பாலத்தைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போனது. படகு ஏறும் மெர்சிங் வரும்வரை அம்மா சன்னல் திரையை விலக்கவே இல்லை.

படகுத்துறையில் டிக்கெட்டில் போட்டிருந்த நேரம் வந்தது, போனது. படகு அசையவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. அம்மா பையை மடியில் ஏற்றிக்கொண்டார்.

"போதும்லா. அடுத்த பஸ்ஸப் புடிச்சுத் திரும்பிருவோம்."

"கொஞ்சம் இருங்கம்மா. கேட்டுட்டு வர்றேன்."

"நீயா?" என்றார். கேலிதான், ஆனால் அதில் நியாயம் இருந்தது. உணவங்காடியில் காப்பி மாற்றிக் கொடுத்தாலும் வாயைத் திறக்காமல் குடித்துவிட்டு வருகிறவள் நான்.

கயிறு சுற்றிக்கொண்டிருந்த படகு ஊழியர் ஒருவர் தொலைபேசியில் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிக்கும்வரை நின்றேன்.

"அண்ணே, படகு எப்ப கிளம்பும்?"

"ஆத்துல தண்ணி இல்ல தங்கச்சி. ஏறினதும் கிளம்பும்."

அதோடு திரும்பியிருக்கலாம். கால் திரும்பவில்லை. "கடல்லதானே போறோம், ஆத்துத் தண்ணி எதுக்கு?" என்று என் குரல் கேட்டது. அவர் கயிற்றைப் போட்டுவிட்டு என்னைத் துறையின் ஓரத்துக்குக் கூட்டிப்போனார். ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல் மேடிட்டுக் கிடந்தது. மீன்பிடிப் படகுகள் சேற்றில் சாய்ந்திருந்தன. "இப்பப் போனா அடி தட்டி நிப்போம். சிங்கப்பூர்க்காரங்க டிக்கெட்டக் காட்டிக் காட்டி ஏசுவாங்க. நான் என்ன செய்ய, நிலாகிட்டத்தான் கேக்கணும்" என்றார்.

அப்பா, நிலா போடும் கால அட்டவணை இது. நீங்கள் இருந்திருந்தால் அன்றைக்குத் தீவுக்கே போயிருக்க மாட்டீர்கள்.

அம்மாவிடம் வந்து ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "எந்த மணல்?" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து வந்தார். இருவரும் துறையின் ஓரத்தில் நின்றோம். சேற்றில் ஊன்றிய ஒரு கம்பத்தில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் ஏறியது. சிப்பி ஒட்டிய பகுதி மெல்ல மறைந்தது. சாய்ந்திருந்த படகு ஒன்று நிமிர்ந்தபோது அம்மா என் முழங்கையைப் பிடித்தார். "எந்திரிக்குது பாரு" என்றார். அதற்குப் பிறகு பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை.

உங்கள் தைரியம் எனக்கு வரவில்லை அப்பா. கேட்கும்போது உள்ளங்கை இன்னும் வியர்க்கிறது. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் விட்டுவிட்டு வர முடியாத அந்தத் தவிப்பு இருக்கிறதே, அதை என்னிடம் விட்டுப் போயிருக்கிறீர்கள். அம்மாவுக்கும் கொஞ்சம் கொடுத்திருக்கிறீர்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

படகு ஆற்றைத் தாண்டிக் கடலுக்கு வந்ததும் அலை தூக்கிப் போட்டது. அம்மா சன்னலோரம் உட்கார்ந்து, தூரத்தில் தெரிந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அந்தத் தீவுல ஒருத்தருக்கு ராத்திரி உடம்பு முடியாமப் போச்சுன்னா என்ன செய்வாங்க? தண்ணி ஏறுறவரைக்கும் காத்திருப்பாங்களா?" என்று கேட்டார்.

"தெரியலம்மா."

"அந்தப் படகுத் தம்பியக் கேட்டுட்டு வாயேன்."

இருக்கைகளைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் நடந்தேன்.