தொப்பியை நீ ஏன் மேலே தள்ளினாய்?

எதையும் சும்மா நம்பிவிடாத என் அன்பு அக்காவுக்கு,

நீ போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. டோர்ட்மண்டில் மழை விட்டபாடில்லை. உன் மகள் மிதுலா நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், வேலைக்குப் போய் வருகிறாள், என்னோடு மட்டும் பேச்சைக் குறைத்துவிட்டாள். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்போது கருஞ்சீரகம் எல்லா நோயையும் குணமாக்கிக்கொண்டிருக்கிறது. "ஆர் சொன்னது? நீங்கள் பாத்தனீங்களோ?" என்று கேட்க நீ இல்லை என்றதும் எல்லோருக்கும் துணிவு வந்துவிட்டது.

நான் எழுதுவது வேறொரு சிக்கலால். முப்பத்தோராம் நாளுக்கு உனக்கு நினைவு மலர் அச்சடிக்கிறோம். லண்டனில் இருக்கும் பெரியண்ணைதான் பொறுப்பு. ஆஸ்பத்திரியில் அன்று பின்னேரம் நடந்ததை அவரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

என்ன நடந்தது? உன் கட்டிலருகே இருந்தபடி, சட்டைப் பையில் இருந்த திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துத் திறந்தேன். அந்தப் பொட்டலத்தைக் கண்டால் ஏதாவது பகிடி விடாமல் இருக்கமாட்டாய் நீ. "உதை ஒருக்கால் லேப்புக்கு அனுப்பிப் பாப்பமே?" என்பாய். அன்று ஒன்றும் சொல்லவில்லை. மருந்தால் முடி கொட்டிய தலைக்குப் போட்டிருந்த கம்பளித் தொப்பியை, உன் கையாலேயே மேலே தள்ளினாய். நெற்றி தெரிந்தது. நான் பூசினேன். நீ கண்களை மூடிக்கொண்டாய். அடுத்த நாள் உனக்கு நினைவு தப்பிவிட்டது.

பெரியண்ணைக்கு அது போதுமாக இருந்தது. மலரில் நான் எழுதும் பக்கத்தில் என்ன வரவேண்டும் என்று அவரே சொல்லித் தந்தார். இறுதிக் காலத்தில் ஐயம் எல்லாம் நீங்கி இறைவனைச் சரணடைந்தார் என்று வரவேண்டுமாம். கண்ட ஒரே ஆள் நான் என்பதால் நான் எழுதினால்தான் அதற்கு மதிப்பாம். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன்.

மிதுலாவிடம் சொன்னேன். அவள் சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "அம்மா தன்ரை தலையால யோசிச்சு வாழ்ந்தவ, மாமா. கடைசியில பயந்து மாறிப்போனா எண்டு எழுதினீங்கள் எண்டால், நான் அண்டைக்கு வரமாட்டன்." பெற்ற மகள் வராத முப்பத்தோராம் நாளை நினைத்துப் பார், அக்கா. எனக்கு நித்திரை போய்விட்டது.

அதனால்தான் உன் மாலை வகுப்புக்குப் போனேன். ஐரோப்பியர் சந்தேகப்படக் கற்றுக்கொண்ட கதை என்று நீ சொல்லிச் சொல்லி மகிழ்வாயே, அதே வகுப்பு. நீ சொல்லும்போதெல்லாம் நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிடுவேன். பாடம் எடுக்கும் கிறிஸ்டாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் நீ எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும் என்று நினைத்தேன். நீ வழக்கமாக அமரும் கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை. அதிலேயே இருந்தேன்.

அன்றைய பாடம் ஒரு பிரெஞ்சுக்காரரைப் பற்றியது. ஒரு குளிர்காலத்தில், இதே ஜெர்மனியில், அடுப்புச் சூடு உள்ள ஓர் அறையில் தனியே இருந்து யோசித்தவராம். பிறகு, கண்ணால் காண்பதையும் சந்தேகப்பட்டார். தான் விழித்திருக்கிறோமா, கனவு காண்கிறோமா என்றுகூடச் சந்தேகப்பட்டார். எல்லாவற்றையும் தட்டிவிட்ட பிறகு, சந்தேகப்பட ஒருவன் இருக்கிறானே என்பது மட்டும் மிஞ்சியது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஏறியவர் போய் நின்ற இடம் எது தெரியுமா? கடவுளிடம்! எனக்குக் கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை. பெரியண்ணை சொன்ன வசனத்தை டிராமிலேயே மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன்.

அடுத்த வகுப்பில் எல்லாம் கவிழ்ந்தது. அவர் ஏறிய ஏணியில் ஓட்டை இருக்கிறது என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்களாம். நேற்று விடிந்ததால் நாளையும் விடியும் என்பது நமக்குப் பழகிப்போன எதிர்பார்ப்பே தவிர நிரூபணம் இல்லை என்றாராம் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். அதைப் படித்து நித்திரை கலைந்த ஒரு ஜெர்மன்காரர், அறிவையே கூண்டில் ஏற்றி விசாரித்து, கடவுள் உண்டென்றும் இல்லையென்றும் நிரூபிக்க அதனால் ஏலாது என்று முடித்தாராம். சரி, அப்படியென்றால் மிதுலாதான் சரி என்று நினைத்தேன். உடனே கிறிஸ்டா பழைய கிரேக்கரிடம் போய்விட்டார். அவர்களில் ஒரு கூட்டத்தார் எதையும் ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல், தேடுவதை விடாமல் வாழ்ந்தார்களாம். ஆனால் ஊர் வழக்கப்படி கோயில் காரியங்களில் மற்றவர்களோடு தாங்களும் நின்றார்களாம்.

இப்போது சொல், நான் என்ன செய்ய? நீ நம்பித் தொப்பியைத் தள்ளினாயா? கிரேக்கர்களைப் போல வழக்கத்துக்குத் தள்ளினாயா? அல்லது தம்பி அழுதுவிடுவான் என்றா?

வகுப்பு முடிந்ததும் கிறிஸ்டாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, என் அக்கா இவர்களில் ஆர் மாதிரி என்று கேட்டேன். அன்றே உங்கள் அக்காவிடம் கேட்டுப் பார்த்தீர்களா என்றார் அவர்.

கேட்கவில்லை அக்கா. நீ விழித்துக்கொண்டுதான் இருந்தாய். ஏன் என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். நீ என்றால் கேட்டிருப்பாய்.

அன்றிரவே மிதுலா தொலைபேசியில் வந்தாள். "அம்மா திருநீறு கேட்டவவோ, மாமா?"

"இல்லைப் பிள்ளை. நான்தான் பொட்டலத்தைத் திறந்தனான்."

"ஏன் திறந்தனீங்கள்?"

அதற்குப் பதில் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். உனக்காக என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. உன்னைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது, கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது, அதற்காகத் திறந்தேனா? ஒரு மாதமாக உன் மனதைத் தேடிக்கொண்டிருந்தவனுக்கு இப்போது தன் மனதும் அகப்படவில்லை. "தெரியேல்லைப் பிள்ளை" என்றேன். அவள் அழுதாள். நீ போன பிறகு என்னோடு சேர்ந்து அழுதது அப்போதுதான்.

அதனால் மலரில் என் பக்கத்தில் இந்தக் கடிதமே வரட்டும் என்று, இதுவரை எழுதியதைப் பெரியண்ணைக்கு அனுப்பினேன். வாசித்துவிட்டுத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, இதை ஆர் விளங்குவினம்?"

"எனக்கே விளங்கேல்லை அண்ணை. போடுங்கோ."

உன் படம் எந்தப் பக்கத்தில் வரவேண்டும் என்று மட்டும் கேட்டார். மிதுலா வருகிறாள். பாயாசம் தன் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டாள்.

நான் இன்றும் காலையில் திருநீறு பூசினேன். பூசும்போது, ஏன் என்று கை ஒரு கணம் நின்றது. அது உன் வேலை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஆர் கேட்டாலும் நான் கண்டதை மட்டும் சொல்வேன். அக்கா தொப்பியை மேலே தள்ளினாள், ஏன் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் நீயே கனவில் வந்து காரணத்தைச் சொன்னாலும், உன்னைக் கண்ட சந்தோஷத்தில் முதலில் அழுது தீர்ப்பேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உன்னிடமே கேட்பேன்: "ஆர் சொன்னது?"

கேட்கவேண்டிய நேரத்தில் கேட்காமல் விட்ட,
உன் தம்பி