வலது இடுப்பின் சத்தம்

மார்ச் 4
இன்று கடையில் மூன்று தையல் மெஷின் ரிப்பேர். மூன்றுமே எண்ணெய் காணாத கேஸ். வீட்டுக்கு வந்தால் என் மனைவியும் அதே ராகம். வலது இடுப்பில் பீங்கான் மூட்டு வைத்து ஒன்பதரை வருடம் ஆகிறது. ஒரு மாதமாக, அடி எடுத்து வைத்தால் 'கீச்' என்கிறது. "ஒரு சொட்டு எண்ணெய் விடட்டுமா?" என்றேன். "முதல்ல உங்க வாய்க்கு ஒரு பூட்டு போடுங்க" என்று சிரித்தாள்.

மார்ச் 11
டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "தேய்மானமே இல்ல. பீங்கான் வச்சவங்க சில பேருக்கு இப்படிச் சத்தம் வரும். வலி இல்லல்ல? தைரியமா நடங்கம்மா." அப்பாடா.

மார்ச் 29
மச்சினன் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தான். இவள் பாத்திரத்தோடு அடுப்படியிலிருந்து வந்தாள். "வழி விடுங்க, வண்டி வருது" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் இன்னொன்றும் சொன்னேன். அதை இங்கே எழுதக் கூசுகிறது. அவள் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 6
ஒரு வாரமாகச் சத்தமே இல்லை. தானாகச் சரியாகிவிட்டது போல.

ஏப்ரல் 20
சரியாகவில்லை.
மறந்துபோன ஸ்க்ரூடிரைவரை எடுக்க மத்தியானம் வந்தேன். கதவுக்கு வெளியே நிற்கும்போதே கேட்டது — கீச், கீச். உள்ளே நடந்துகொண்டிருக்கிறாள். சாவி போட்டதும் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறாள். பக்கத்தில் தண்ணீர், மாத்திரை, கண்ணாடி, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். நான் வீட்டில் இருக்கும் வரை எழுந்திருப்பதே இல்லை. இத்தனை நாள் இது என் மண்டையில் ஏறவில்லையே! சே, என்ன மனுஷன் நான்?

ஏப்ரல் 21
மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்ன பண்ணுவீங்க, எனக்கே கூச்சமா இருக்கு" என்றாள். "இப்ப ஒரு தடவ நடந்து காட்டேன்" என்றேன். "நீங்க கடைக்குக் கிளம்புங்க. நடக்கிறேன்."

மே 13
நான் இருக்கும்போதே ஜன்னல் வரை போனாள். நாலு அடி. நான் வாயே திறக்கவில்லை.

ஜூன் 17
அவள் போய்ப் பதினாறு நாள். மாரடைப்பு. நான் கடையில் இருந்தேன். இடுப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். தெரியும். தெரிந்து என்ன?

செப்டம்பர் 9
ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பீங்கான் மூட்டு வைத்தவர்களைப் பத்தாவது வருடம் விசாரிப்பார்களாம்.
"அம்மாவுக்கு வலி ஏதாவது இருக்கா சார்?"
"இல்லம்மா."
சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஊரையே கிண்டல் பண்ணிய வாய், அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வரவில்லை.
"நடக்கும்போது சத்தம் வருதா?"
"இல்ல. இப்பல்லாம் வர்றதில்ல."
"ரொம்ப நல்லது சார்" என்று குறித்துக்கொண்டாள்.