இருட்டுமுன் வீட்டுக்கு வரவைத்தவள்

சென்னை,
ஆனி 2006

அன்புள்ள மச்சானுக்கு,

சித்தாண்டி முருகன் புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் காய்ச்சல் விட்டதா? மாமியின் முழங்கால் வலி எப்படி?

உங்கள் கடிதத்தில் முக்கால்வாசியும் அந்தத் தொலைக்காட்சி நாடகக்காரி மங்கைதான். அவள் அழுதால் உங்களுக்குச் சோறு இறங்குவதில்லையாம்! நானும் இங்கே ஊடகப் படிப்பில் அவளைத்தான் படிக்கிறேன். கண்ணீர்க் கதை சினிமாவில் மூன்று மணி நேரத்தில் முடிந்தது. தொலைக்காட்சியில் தினமும் வீட்டுக்குள் வந்து அழுகிறது. இப்போது கணினியில் அழுகையை மட்டும் வெட்டி வைத்துப் பார்க்கிறார்கள். இதையெல்லாம் எழுதும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமி தொலைபேசியில் சொன்னார்: "இப்ப வட்டையில வயல் வேலைய விட்டுட்டுப் பொழுதுபட முந்தி வந்திருவான் புள்ள. நாடகம் பாக்கோணுமாம்." இருட்டிய பிறகு ஆமிக்காரர் துவக்கோடு நிற்கிற சென்றியைத் தாண்டி வர வேண்டாமென்று எத்தனை தரம் கெஞ்சியிருப்பேன்! எனக்காக வராதவர் அவளுக்காக ஓடி வருகிறீர்கள்.

போன கிழமை வகுப்போடு அந்தப் படப்பிடிப்புக்குப் போனோம். கண்ணுக்குக் கிளிசரின் போட்டுக்கொண்டு வடை தின்றாள் உங்கள் மங்கை. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. பிறகு இயக்குநர் சொன்னார், ஆவணியோடு நாடகம் முடிகிறதாம். அன்றைக்கு எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள். நீங்கள் உடுத்த பழைய சாரம் ஒன்றும், துவைக்காமல்.

விடுதியில் விளக்கை அணைக்கப்போகிறார்கள். மச்சான், அடுத்த நாடகத்திலும் ஒருத்தி அழுவாள். அவளுக்காக என்றாலும் அதே நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

உங்கள்
யோகமலர்