காய்ந்த இடத்துக்கு ஒரு பேர்

டி. கல்லுப்பட்டி
24-11-79

அன்பு மகன் மலையாண்டிக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான், அப்பா, ஜெயக்கொடி, உன் மகள் எல்லோரும் சுகம், மழையில் நனைந்த சுகம். நீயும் கடல்மேல் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கப் பேச்சியம்மனை வேண்டிக்கொண்டே இருக்கிறேன். உன் மகள் உன் மூக்கோடுதான் பிறந்திருக்கிறாள், பாவம், என்ன செய்ய.

பிள்ளைக்கு டெர்ரா என்று பேர் வைக்கச் சொல்லி நீ கப்பலிலிருந்து எழுதிய கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன். தலைப் பேத்திக்கு அப்பனைப் பெற்றவள் பேர் வைப்பதுதானே நம் வழக்கம், சோலையம்மாள் என்று என் பேர்தான் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். வரப்புக் கேஸுக்காகத் தல்லாகுளம் போன உன் அப்பா நம் வக்கீலிடம் கேட்டுவிட்டு வந்தார், அவர் பாதிரியார்களிடம் லத்தீன் படித்தவராம். லத்தீனில் பூமிக்கு அதுதான் பேராம். அந்தக் காலத்து ரோமாபுரிக்காரர்களும் பூமியைத் தாய் என்றுதான் கும்பிட்டார்களாம், டெல்லூஸ் என்று இன்னொரு பேரும் உண்டாம், அந்தத் தாய்க்குச் சினைப்பசுவைப் பலி கொடுப்பார்களாம். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அதோடு விட்டாரா, டெர்ரா என்ற சொல்லுக்கு ஆதியில் காய்ந்தது என்றுதான் அர்த்தமாம். எனக்கு வந்ததே கோபம். மழைக்காக வானத்தைப் பார்த்தே கழுத்து வலிக்கிற ஊரில் என் பேத்திக்குக் காய்ந்தவள் என்று பேரா, நான் இருக்கும்வரை நடக்காது என்று சொல்லிவிட்டேன். ஜெயக்கொடி அழுதாள். அவுக ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான் அத்தை என்றாள். அப்போதும் நான் இளகவில்லை.

பேர் வைக்கிற நாளுக்கு முந்தின நாள் பிடித்தது பார் மழை, அடுப்படியிலிருந்து வாசல்வரை ஓடெல்லாம் ஒழுக்கு. தொட்டில் கட்டியிருந்த மூலை மட்டும்தான் நனையவில்லை. கம்பு மூட்டை, ரேடியோ, வெள்ளாட்டுக் குட்டி, பேர் வைக்க வந்திருந்த உன் அக்கா ரெங்கம்மாள், எல்லாமே தொட்டிலைச் சுற்றி ஒண்டிக்கொண்டன. அப்பா மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, இம்புட்டுக் காஞ்ச இடமாச்சும் இருக்கப்போயித்தான் பொழச்சோம் என்றார். ரெங்கம்மாள் சிரித்த சிரிப்பில் பிள்ளை விழித்துக்கொண்டது. நானும் சிரித்தேன், சிரிக்கும்போதே உன் நினைப்பு வந்துவிட்டது. எங்களுக்கு ஒரு நாள் தண்ணீர், உனக்கு மாதக்கணக்காக எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர். கால் ஊன்றக் காய்ந்த இடம் என்றால் உனக்கு என்னவென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதை நீயே விளக்கமாக எழுதியிருந்தால் அன்று நான் பட்டினி கிடந்திருக்க மாட்டேன்.

மறுநாள் ரெங்கம்மாள் அத்தை முறைக்குப் பிள்ளையின் காதில் மூன்று தரம் டெர்ரா என்று சொன்னாள். சொல்லச் சொன்னது நான். அப்பா தான் சொன்னதாக எழுதுவார், நம்பாதே. பக்கத்து வீட்டு மலையம்மாள் இது என்ன சாமி பேர் என்று கேட்டாள். என் மகன் வந்து இறங்கப்போகிற கரை என்று சொல்லி, கை நிறையச் சீனி கொடுத்து அனுப்பினேன்.

பேச்சியம்மன் துணையிருப்பாள், நீண்ட ஆயுசோடு நன்றாக இரு. எண்ணெய் தேய்த்துக் குளி, ஈரத் தலையோடு மேல்தட்டில் நிற்காதே. என் பேரைப் பற்றிக் கவலைப்படாதே, அடுத்த பிள்ளைக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு நீ வீடு வந்து சேர வேண்டும், அது ஞாபகம் இருக்கட்டும்.

உன் அம்மா,
உ. சோலையம்மாள்